பவழத்துறையைக் கழற்றி வைத்த மூன்று நாட்கள்

எங்கள் சட்டமன்றத்துக்கு அறிவியல் ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் தங்கள் சார்புகளைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போவதில்லையா, அது போலத்தான். நான் வாங்கி அலமாரியில் வைத்து, எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்பேன். ஆலோசனை சொல்லி முடித்ததும் டோக்கனைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாசல் பலகையில் 'சார்பு வைப்பறை' என்று எழுதியிருக்கும். எல்லோரும் சொல்வது கழட்டுற ரூம்.

இருபத்திரண்டு வருஷமாக இங்கே நான்தான். என் பெயர் பூரணம். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். வேலைக்கு எடுக்கும்போது, "உங்களுக்கு யாரையெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். "ஒருத்தரையும் பிடிக்காது. சீக்கிரம் கேட்டு முடிங்க, பஸ் போயிடும்" என்றேன். அன்றைக்கே உத்தரவு கொடுத்துவிட்டார்கள்.

சார்பில் பல தினுசு உண்டு. கட்சி மேல் உள்ள பிடிப்பு துண்டு மாதிரி, தோளிலிருந்து எடுத்தால் வந்துவிடும். கம்பெனிக்காரர்களிடம் பழகிய பழக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூட வேலை பார்க்கும் விஞ்ஞானி மேல் உள்ள காழ்ப்பு கடிக்கும். அதற்கென்று மூடி போட்ட எவர்சில்வர் டப்பா தனியாக வைத்திருக்கிறேன். தன் சொந்தக் கண்டுபிடிப்பின் மேல் உள்ள ஆசைதான் லேசில் வராது. தேங்காய் எண்ணெய் தடவி, வளையல் கழற்றுவது போல மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் அந்த நேரத்தில் "ஐயோ அம்மா" என்று கத்துவார்கள். "சும்மா இருங்க சார், சின்னப் பிள்ளையா நீங்க?" என்று அதட்டித்தான் உருவுவேன்.

டாக்டர் பிரகாசி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடற்கரை மணல் எப்படி நகர்கிறது என்று படித்தவர். அப்போது பவழத்துறை என்ற ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் கட்டலாம் என்றது ஆளும் கட்சி. கட்டுவதுதான் கட்டுகிறீர்கள், இன்னும் உயரமாகக் கட்டுங்கள் என்றது எதிர்க்கட்சி. சுவர் நிற்குமா என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு பிரகாசியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கூப்பிட்டால் ஆலோசகருக்கு வழியிலேயே காய்ச்சல் வந்துவிடும் என்று சட்டத்தில் இருக்கிறது.

"என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்து வைங்க டாக்டரம்மா" என்றேன்.

"கட்சி இல்ல, கம்பெனி இல்ல. ஒரு ஊர் மட்டும் இருக்குக்கா" என்றார்.

"எந்த ஊர்?"

"பவழத்துறை."

அங்கேதான் பிறந்தாராம். அம்மா அமலோற்பவம் இன்னமும் அங்கேதான், கடலிலிருந்து மூன்றாவது வீட்டில். போன வருஷம் வரைக்கும் அது ஏழாவது வீடு.

பிரகாசி கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு ஊரை உருவினார். நனைந்த ஜமக்காளம் போல வந்தது. மேசையில் வைத்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே மீன் ஏலம் போடும் சத்தம் கேட்டது, ஐஸ் பேக்டரியின் சங்கு கேட்டது, மாதா கோயில் ஸ்பீக்கரில் காணாமல் போன சைக்கிளைப் பற்றி யாரோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நீல விளிம்பு போட்ட எனாமல் பேசினில் அதை எடுத்து வைத்து, பதினான்காம் எண் டோக்கனைக் கொடுத்தேன்.

"நன்றிங்க மேடம்" என்றார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் நான் அக்கா. அதுவும் ஊரோடு சேர்ந்து பேசினுக்குள் போய்விட்டது போலிருக்கிறது.

விசாரணை மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்குள் உரியவர் வந்து வாங்காவிட்டால் சார்பு நூலகத்துக்குப் போய்விடும். அங்கே அட்டை போட்டுத் தைத்துப் புத்தகமாக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு படிக்கலாமே தவிர, போட்டுக்கொள்ள முடியாது. ஒரு பேராசிரியர் தன் மனைவி மேல் வைத்திருந்த பிரியம் அங்கே இருக்கிறது, நானூறு பக்கம். சனிக்கிழமை தவறாமல் வந்து படித்துவிட்டுப் போவார்.

புதன்கிழமை காலை பிரகாசி தன் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"யாரோ ஒரு அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க மேடம். குறிப்பு எழுத முடியல. இதையும் வச்சுக்க முடியுமா?"

வாங்கி வைத்துக்கொண்டேன். ஆலோசனைக் குறிப்பு எழுதுவது எளிதான வேலை இல்லை. நான்கே பக்கம்தான் இருக்கலாம். தெரிந்ததை எழுதலாம், தெரியாததைத் தெரியாது என்று எழுதியே ஆக வேண்டும். இப்படிச் செய்தால் இன்னது நடக்கும், செய்யாவிட்டால் இன்னது நடக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினாலும் தாள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

மத்தியானம் ஒரு மணிக்கு, நான் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம் பார்த்து, போன் அடித்தது.

"ஏட்டி பிரகாசி?"

"அவங்க மீட்டிங்ல இருக்காங்க. நான் ஆபீஸ்ல பூரணம் பேசுறேன்."

"அவளுக்கு என்னம்மா ஆச்சு? நேத்து கூப்பிட்டா, 'சொல்லுங்க, யார் வேணும்'ங்கா. பெத்த தாய்கிட்ட நீங்க நாங்கன்னு பேசுதா. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஊரைக் கழட்டி வச்சிருக்காங்க. நாளைக்குப் போட்டுக்குவாங்க."

"அதானா?" என்றார் அமலோற்பவம். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். சரி, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. வீட்டு மேலச் சுவர் விரிசல் விட்டுருக்கு. கொத்தனார் வந்து நிக்கான். பூசவா, வேண்டாமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். சுவரைப் பார்க்காமல் பூசு என்றோ பூசாதே என்றோ எப்படிச் சொல்வது? வைத்த பொருளை வைப்பறைக்காரி போட்டுப் பார்க்கக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. நானே எழுதி மாட்டியதுதான். கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஊரைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

அடேயப்பா, என்ன கனம்! மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பிறகு மேலச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலிலிருந்து கடலுக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடந்து பார்த்துப் பிரகாசி அதில் கரியால் எழுதியிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஆரம்பித்தது. கடைசி எண் முப்பத்தெட்டு. விரிசல் அந்த எண்களுக்கு நடுவே ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ரீத்தம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. குழாயடியில் தன் குடத்தை முன்னால் தள்ளி வைத்துவிட்டாள், பாவி. கோபம் எனக்குப் புதுசில்லை. மறுநாள் அந்தக் குடத்தை நானே தூக்கி அவள் இடுப்பில் வைப்பேன் என்று தெரிந்துகொண்டே வருகிற கோபம்தான் புதுசு.

பத்து நிமிஷம் போட்டிருந்தேன். அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அமலோற்பவத்தைக் கூப்பிட்டு, "பூசாதீங்க, அந்த எண்ணெல்லாம் போயிடும்" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்று வைத்துவிட்டார்.

ஊரைத் திரும்ப பேசினில் வைத்தபோது ஒன்று கவனித்தேன். தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. ஊரில் எதுவும் குறையவில்லை. ஏலமும் சங்கும் சைக்கிளும் அப்படியே இருந்தன. கனம் மட்டும் கொஞ்சம் குறைந்து, என் புடவை தோளோடு நனைந்திருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பிரகாசி அவையில் குறிப்பை வாசித்தாள். வைப்பறையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு, அதில் கேட்டேன்.

"சுவர் கட்டினால் பவழத்துறை பதினெட்டு ஆண்டு இருக்கும். கட்டாவிட்டால் பன்னிரண்டு ஆண்டு. உயரமாகக் கட்டினாலும் பதினெட்டுதான். கடல் சுவரின் மேலே ஏறி வரவில்லை, அடியிலிருந்து மணலை எடுக்கிறது. எப்படிக் கட்டினாலும் முதல் மூன்று வரிசை வீடுகள் வரும் ஐப்பசியைத் தாண்டாது. ஊரை மூன்று கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோனால் நூறு ஆண்டுக்கு மேல் இருக்கும். மற்ற ஊர்களை விட்டுவிட்டுப் பவழத்துறையை நோக்கி மட்டும் கடல் ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அது கடலுக்குத்தான் தெரியும்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கடலுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிப் பேரவைத் தலைவர் உத்தரவிட்டார். பவழத்துறைத் தொகுதி உறுப்பினர் செல்லக்கண்ணு எழுந்தார்.

"எல்லாம் நல்லா புரியுதும்மா. இப்ப நாங்க என்ன செய்யணும்?"

"அது என் குறிப்பில் இல்லைங்க" என்றாள் பிரகாசி.

ஆளும் கட்சி எதிர்க்கட்சியைப் பார்த்தது, எதிர்க்கட்சி ஆளும் கட்சியைப் பார்த்தது. பேரவைத் தலைவர் தேநீருக்கு அவையை ஒத்திவைத்தார்.

பிரகாசி நேராக என்னிடம் வந்தாள். டோக்கனை மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள்.

"எடுத்துத் தரவா?"

"வேண்டாம் மேடம். நூலகத்துக்கு அனுப்பிடுங்க."

"என்னது?"

"நான் வாசிச்சது எல்லாம் சரி. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். அந்த ஊரைப் போட்டுக்கிட்டா, வாசிச்சது யார் வீட்டைப் பத்தின்னு தெரிஞ்சிடும். இப்ப எனக்கு ஒண்ணும் வலிக்கல. இப்படியே இருந்துடுறேன்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஏட்டி, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். அந்த 'ஏட்டி' பவழத்துறையிலிருந்து என் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. முந்தின நாள் ஊரைப் போட்டுப் பார்த்ததிலிருந்தே எனக்கு அவள் டாக்டரம்மா இல்லை. "உங்கம்மா கொத்தனாரைத் திருப்பி அனுப்பிட்டு, நீ எப்ப வருவேன்னு உக்காந்திருக்கா. நாளைக்குப் போய் 'வணக்கங்க'ன்னு நிப்பியா அவ முன்னால?"

அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். ஊரைப் போடாதவளிடம் ஊரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவளுக்குப் புரிவது அளவுதான்.

"சரி, இதைக் கேளு. ஒரு ஆள் பத்து நிமிஷம் போட்டதுக்கு பேசின்ல ஒரு விரல்கடை தண்ணி இறங்குச்சு. அவையில இருக்கிற நூத்தி எண்பத்தேழு பேரும் ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் போட்டா எவ்வளவு இறங்கும்?"

"யார் போட்டது?"

"நான்தான். ஒன்பதாவது விதி. புகார் எழுதணும்னா அப்புறம் எழுதிக்க."

பிரகாசி குறிப்பின் நாலாம் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் எழுதிப் பார்த்தாள். "இருபத்தெட்டு விரல்கடை. பேசின் காலியாகி, துணியில இருக்கிறதும் வடிஞ்சிடும். ஒரு ஆள் தாங்குற கனத்துக்கு வந்துடும்." பேனாவை மூடினாள். "ஆனா நீங்க ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கீங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

"சொல்லாதே. வா."

பேசினைத் தூக்கிக்கொண்டு அவைக்குப் போனோம். ஊருக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று வாசல் காவலர் கேட்டார். இல்லை என்றதும் அவரே ஒன்று எழுதிக் கொடுத்தார். பெயர், பவழத்துறை. யாரைப் பார்க்க என்ற இடத்தில், எல்லோரையும் என்று போட்டார்.

ஆளும் கட்சி வரிசையில் ஒருவர், எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் என்று ஊரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்தேன். மின்துறை அமைச்சர் ரீத்தம்மாவைத் திட்டினார். ஒரு மூத்த உறுப்பினர், மேரிக்குட்டி கல்யாணத்துக்கு யார் யார் போகிறோம் என்று எல்லோரையும் கேட்டார். எதிர்க்கட்சித் தலைவர் கழற்ற மாட்டேன் என்றார். இரண்டு வள்ளம் இன்னும் திரும்பவில்லையாம், கரையில் நிற்கிறாராம். "வந்துடும், வந்துடும், குடுங்க சார்" என்று சமாதானப்படுத்தி வாங்கினேன். செல்லக்கண்ணு போட்டுக்கொண்டு அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டுக் கேக்க அந்தத் தெருவுல அஞ்சு தடவை போயிருக்கேன்" என்றார். "எங்கம்மா வீடு அங்க இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே."

கடைசியாகப் பேரவைத் தலைவர் போட்டுக் கழற்றும்போது மணி நாலே முக்கால். பேசின் காய்ந்திருந்தது. வாக்கெடுப்புக்கு மணி அடித்தார்கள். அவையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஈர வேட்டியோடும் ஈரப் புடவையோடும் பஸ் ஏறப் போய்விட்டார்கள். பேரவைத் தலைவரின் நாற்காலியில் 'ஊருக்குப் போயிருக்கிறேன்' என்று ஒரு சீட்டு இருந்தது.

நாங்கள் வைப்பறைக்குத் திரும்பியபோது நூலக ஊழியர் ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஐந்தரைக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பிரகாசி பேசின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். ஐந்து இருபத்தேழுக்கு அவள் டோக்கனை மேசையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஊரை எடுத்து அவள் தோளில் போட்டு, கழுத்துக்குப் பின்னால் இழுத்து நேர் பண்ணிவிட்டேன்.

"அக்கா" என்றாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மூணு வரிசை வீடுன்னு நான்தானே வாசிச்சேன்?"

"ஆமாடி. நீதான்."

என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நூலக ஊழியர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு போய்விட்டார். ஏழு மணி வரைக்கும் அழுதாள். என் பஸ் போயிற்று. போனால் போகட்டும். கனமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் தூக்க முடிகிறது என்றாள்.

அப்போது போன் அடித்தது. அவள் எடுத்து, நானும் கேட்கட்டும் என்று நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா" என்றாள்.

"ஏட்டி, வந்துட்டியா!" அந்த ஒரு வார்த்தையிலேயே அமலோற்பவத்துக்குத் தெரிந்துவிட்டது. "இங்க நூத்தி எண்பத்தேழு பேர் வந்து நிக்காவ. எல்லாரும் 'எம்மா, வந்துட்டேன்'ங்காவ. ஒருத்தர் உக்காந்து மீன் அரியுதார், யாருன்னு பாத்தா எதிர்க்கட்சித் தலைவராம். ரீத்தம்மா குடத்தை ரெண்டு மந்திரி பிடிச்சு வச்சிருக்காவ." மூச்சு வாங்கினார். "எல்லாரும் வீட்டைப் பாத்துப் பாத்து அழுதாவட்டி. ஐப்பசியைத் தாண்டாதாமே. எனக்கு ஏன் நீ சொல்லல?"

"சொன்னேம்மா. உன்கிட்ட தவிர எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் யாரையோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அமலோற்பவம் திரும்பப் போனுக்கு வந்தார்.

"சரி, இப்ப என்கிட்டச் சொல்லு."

சொன்னாள். பதினெட்டு, பன்னிரண்டு, மூன்று வரிசை, மூன்று கிலோமீட்டர். இந்தத் தடவை குரல் ஒவ்வொரு எண்ணிலும் உடைந்தது. எண் ஒன்றும் மாறவில்லை.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றார் அமலோற்பவம்.

"நீ அங்க இருக்கக் கூடாதும்மா. உள்ள வந்துடணும். அந்த எண்ணெல்லாம் எழுதின சுவரை மட்டும் பேத்து எடுத்துட்டு வந்துடுவோம்."

மேசையில் கிடந்த குறிப்பை ஓரக்கண்ணால் பார்த்தேன். நான்கு பக்கமும் மஞ்சளாகாமல் வெள்ளையாகவே இருந்தன.

"இத நீ சொன்னாத்தான் எனக்குச் சமாதானம்" என்றார் அமலோற்பவம். "சரி, கெளம்பி வா. சட்டி பத்தல. அந்தப் பூரணத்தையும் கூட்டிட்டு வா, பெரிய அண்டா இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு."

கேன்டீனில் சொல்லி அண்டாவை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மீன் குழம்பு நன்றாக இருந்தது. ரீத்தம்மாவின் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தது நான்தான். கடலையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாக்கெடுப்பு நடத்திக்கொள்ளலாம் என்று அந்த முற்றத்திலேயே முடிவாயிற்று. மேலச் சுவரில் யாரும் சாய வேண்டாம் என்று அமலோற்பவம் எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

திங்கட்கிழமை காலை நான் வந்து பூட்டைத் திறக்கும்போது வைப்பறை வாசலில் கடல் நின்றுகொண்டிருந்தது. நோட்டீஸ் கிடைத்ததாம். முதல் தடவை என்பதால் கொஞ்சம் கூச்சப்பட்டது.

"என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றேன்.

கட்சி இல்லை, கம்பெனி இல்லை என்றது. பிறகு தயங்கித் தயங்கி, பவழத்துறை மேல் தனக்கு இருந்த ஆசையைக் கழற்றி மேசையில் வைத்தது. பேசின் போதவில்லை. அண்டாவில் வைத்து மூடினேன். டோக்கன் கேட்டது.

"பதினஞ்சாம் நம்பரைக் காணோம். தேடித் தரேன், உக்காருங்க" என்று சொல்லி, அந்த டோக்கனை முடிந்து வைத்திருந்த என் முந்தானை முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

கடல் சரியென்று பெஞ்சில் உட்கார்ந்தது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். சர்க்கரை இல்லாமல் கொடுங்கள் என்றது.